மழையில் நனைந்த தாள்கள்

1956ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. காந்தி எழுதியது பேசியது அத்தனையையும் தொகுத்து வெளியிட இந்திய அரசு அந்த ஆண்டில்தான் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி டெல்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண் வீட்டில் பாபாசாகேப் அம்பேத்கர் இறந்துபோனார். முன்னவருக்கு 1994க்குள் 100 தொகுதிகள் வந்துவிட்டன. தந்தி, கடுதாசித் துண்டு, மௌன விரத நாளில் எழுதிக் காட்டிய சீட்டு வரைக்கும் உள்ளே இருக்கிறது. பின்னவருடைய எழுத்தைத் தேடித் தொகுக்க ஒரு குழு வேண்டுமென்று மகாராஷ்டிர அரசுக்குத் தோன்றுவதற்கு 1976 ஆயிற்று. முதல் தொகுதி 1979இல் வந்தது. இடையில் இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் தாள்கள் எங்கே கிடந்தன, யார் கையில் என்ன பாடு பட்டன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிய வைக்க வேண்டுமென்ற அக்கறை யாருக்கும் இருந்ததாகவும் தெரியவில்லை.

பாபாசாகேப் உயில் எழுதி வைக்கவில்லை. வாரிசுரிமை நீதிமன்றத்துக்குப் போனது; தாள்களும் கூடவே போயின. நூல்களுக்காகவே பம்பாய் தாதரில் ராஜகிருகம் என்று ஒரு வீடு கட்டியவர் அவர். மாடு மனை வாங்கியவனின் சொத்துத் தகராறுபோல அவருடைய கையெழுத்துப் படிகளும் ‘அசையும் சொத்து’க் கணக்கில் சேர்ந்தன. அலிப்பூர் சாலை வீடு வேறொருவர் கைக்கு மாறியது. 1967இல் வீட்டைக் காலி செய்ய வைத்தபோது சாமான்களோடு சாமானாகக் காகிதங்களையும் முற்றத்தில் தூக்கிப் போட்டார்கள். அன்று ராத்திரி மழை. எத்தனை தாள் கரைந்ததோ, எந்த அத்தியாயம் சேறானதோ, கணக்கு எழுதியவர் ஒருவரும் இல்லை. அதே இடத்தில் 2018 ஏப்ரலில் பளபளவென்று தேசிய நினைவகம் திறந்தார்கள். கட்டடத்துக்குக் கிடைத்த மரியாதையில் ஒரு பங்கு அந்தக் காகிதத்துக்குக் கிடைத்திருந்தால் போதும்.

தப்பிய தாள்கள் பெட்டிகளில் அடைபட்டு மகாராஷ்டிரத்தின் அரசு நிர்வாகி ஒருவர் பொறுப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தன. நாகபுரியைச் சேர்ந்த நம்மாள், ஒரு வழக்கறிஞர், உயர்நீதிமன்றத்துக்குப் போனார். அவர் கேட்டது ரொம்பச் சின்னக் கோரிக்கை: ஒன்று, இவற்றை அச்சிட எனக்கு அனுமதி கொடு, இல்லாவிட்டால் அரசையே அச்சிடச் சொல். அந்த வழக்கும் பல வருஷம் தூங்கியது. 1980களின் தொடக்கத்தில்தான் பெட்டிகள் திறக்கப்பட்டன. தொகுதிகளுக்குப் பொறுப்பேற்றிருந்த வசந்த் மூன் வாரிசுகளிடமும் அதிகாரிகளிடமும் நடையாய் நடந்து வாங்கியவை அவை. உள்ளே முழுசாக முடிந்த புத்தகம் என்று அதிகம் இல்லை. தட்டச்சுப் படிகள், அடித்துத் திருத்திய பக்கங்கள், பொருளடக்கம் மட்டும் எழுதி அத்தியாயம் எழுதாமல் விட்ட கோப்புகள், அத்தியாயம் இருந்து தலைப்பில்லாத கோப்புகள். ‘பழங்கால இந்தியாவில் புரட்சியும் எதிர்ப்புரட்சியும்’ என்று நாம் இன்று மேடையில் மேற்கோள் காட்டுகிறோமே, அது இப்படிச் சிதறிய கோப்புகளிலிருந்து ஒட்டுப்போட்டுக் கட்டிய நூல். பௌத்தத்தைப் பார்ப்பனியம் எப்படி வீழ்த்தியது என்று ஒரு பெருங்கதையாடலை எழுத உட்கார்ந்தவரின் மேசை அது. பாதியில் எழுந்துபோன மேசை.

இந்தத் தாள்களுக்கு எவ்வளவு பலம் என்பதை 1987இல் பார்த்தோம். நான்காம் தொகுதியாக ‘இந்து மதத்தின் புதிர்கள்’ வெளிவந்தது. ராமனையும் கிருஷ்ணனையும் பற்றிய பின்னிணைப்பை நீக்கு என்று சிவசேனை கிளம்பியது. நூலைக் கொளுத்தினார்கள். அரசு பயந்து பின்வாங்கப் பார்த்தது. 1988இல் பம்பாய்த் தெருக்களில் லட்சக்கணக்கில் தலித் மக்கள் இறங்கி நடந்த பிறகே அந்தப் பின்னிணைப்பு புத்தகத்தில் நின்றது. அப்போதும், இதிலுள்ள கருத்துகளில் அரசுக்கு உடன்பாடில்லை என்று ஒரு குறிப்பை ஒட்டித்தான் விற்றார்கள். செத்து முப்பது வருஷமான ஒரு மனிதரின் கோப்பிலிருந்து வந்த சில பக்கங்களுக்காகச் சேரி சனம் தெருவுக்கு வரவேண்டியிருந்தது. ஆவணம், காப்பகம் என்றெல்லாம் சொன்னால் ஏதோ கண்ணாடி போட்ட பேராசிரியர்கள் சமாச்சாரம் என்று நினைக்கிற நம் தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சின்ன நூலையும் சொல்ல வேண்டும். 1901இல் சிறுவனாக அப்பாவைப் பார்க்கப் புறப்பட்டு, ரயிலடியில் இறங்கி, மகார் என்று தெரிந்ததும் வண்டிக்காரன் ஏற்ற மறுத்த கதை. பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் விரட்டிய கதை. இதுவும் கையெழுத்தாகவே கிடந்து 1990இல்தான் மக்கள் கல்விக் கழகம் சிறு நூலாகப் போட்டது. அமெரிக்காவில் அவர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் பின்னால் இதை இணையத்தில் வைத்தது. இன்றைக்கு எந்தக் கல்லூரியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நாம் ‘தன்வரலாறு’, ‘சாட்சியம்’ என்று வாதம் செய்துகொண்டிருக்கிற இலக்கிய வகையில் அவரே எழுதி வைத்திருந்தார் என்பது வருஷக்கணக்காகப் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. இது முன்பே வெளிவந்திருந்தால் நம் எழுத்தின் வரலாறே கொஞ்சம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இப்போது இணையத்துக்கு வருவோம். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் ஆங்கிலத் தொகுதிகளை பி.டி.எஃப். கோப்புகளாக ஏற்றினார்கள். நல்ல காரியம்தான்; நான் மறுக்கவில்லை. கீரனூர்ப் பக்கம் ஒரு காலனி வீட்டுப் பெண் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே செல்போனில் ‘சாதி ஒழிப்பு’ உரையைத் திறக்க முடிகிறது. அச்சுப் புத்தகத்துக்கு நடந்த கூத்தைப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். தொகுதிகளை மறுபடி அச்சிடும் வேலையை மகாராஷ்டிர அரசு கிடப்பில் போட்டுவிட்டது என்று பத்திரிகைச் செய்தி வந்து, 2021 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அதை வழக்காக எடுக்க வேண்டியிருந்தது. தமிழில் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வெளியிட்ட 37 தொகுதிகள் நம் ஊர் நூலகங்களுக்கு வந்தன. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி நூலகத்தில் அவை பீரோவில் பூட்டியே இருந்தன. “கேக்கறவங்களுக்குக் குடுப்போம் தம்பி” என்றார் அங்கே இருந்தவர். பீரோவில் இருப்பதே தெரியாத மாணவர் எதைக் கேட்பார்?

ஆனாலும் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இணையத்தில் ஏறியவை தொகுதிகள். தாள்கள் அல்ல. அந்தக் கோப்புகளைத் தாள்தாளாக, அடித்தது திருத்தியது தெரிய, ஓரக்குறிப்போடு, நம் வீட்டுப் பிள்ளை ஒரே இடத்தில் திறந்து பார்க்கும்படி யாரும் வைக்கவில்லை. தொகுதி என்பது ஒரு பதிப்பாசிரியர் படித்து, வரிசைப்படுத்தி, தலைப்பிட்டுக் கொடுத்தது. வசந்த் மூன் செய்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மனிதர் இல்லாவிட்டால் நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. எனினும் ‘புதிர்கள்’ அத்தியாய வரிசையை அம்பேத்கர் எப்படி வைக்க நினைத்தார், எத்தனை முறை மாற்றினார் என்று கேட்கிறவர் மூலத்தைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. காந்திக்கு இதற்கும் வழி செய்திருக்கிறார்கள். 2013இல் சபர்மதி ஆசிரமம் தொடங்கிய இணையவாயிலில் அவர் நடத்திய பத்திரிகைகளையே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். 1998க்குப் பிறகு காந்தி தொகுதிகளைத் ‘திருத்தி’க் குறுந்தகட்டில் போட்டபோது, பல குறிப்புகள் காணாமல் போய்விட்டன என்று ஆய்வாளர்கள் சண்டை பிடித்து, கடைசியில் அந்தத் திருத்தப் பதிப்பையே அரசு திரும்பப் பெற்றது. அங்கே ஒரு வரி காணாமல் போனால் கேட்க ஆள் இருக்கிறது. நமக்கு மூலம் கண்ணில் படாததால் எது காணாமல் போனது என்றே தெரியாது.

சட்டத்தில் ஒரு சிக்கலும் உண்டு. எழுத்தாளர் இறந்து 60 வருஷம் ஆனால் பதிப்புரிமை முடியும் என்று பொதுவாகச் சொல்கிறோம். அதன்படி அவர் உயிரோடு இருக்கும்போது வெளியிட்ட நூல்களுக்கு 2016 முடிவோடு உரிமை தீர்ந்தது. ஆனால் இறந்த பிறகு முதன்முதலாக வெளியானவற்றுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 வருஷம். 1987இல் வந்த ‘புதிர்’களுக்கு இது 2047 வரை ஓடும். பெட்டியில் அடைத்து வைத்ததற்குத் தண்டனை நமக்குத்தான் போலிருக்கிறது.

வடக்கே போவானேன், நம் கதையைப் பார்ப்போம். பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார்; மறு ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று. 1914 மே மாதம் சாகும் வரை வாராவாரம் நடத்தினார். அந்த இதழ்களைக் காப்பாற்றியது எந்த அரசுக் காப்பகமும் இல்லை, எந்தத் தமிழ்ச்சங்கமும் இல்லை. கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் வேலை பார்த்த சனமும், சென்னையில் பௌத்த சங்கத்தோடு இருந்த குடும்பங்களும் கட்டிக் காத்தார்கள். சித்தார்த்த புத்தகசாலை நூல்கள் அங்கிருந்துதான் வந்தன. அப்படிக் காத்தவற்றைக் கொண்டுதான் ஞான. அலாய்சியஸ் 1999இல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ முதல் இரண்டு தொகுதிகளைப் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் மூலம் கொண்டுவந்தார். நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது இருபதாம் நூற்றாண்டு இதழியல் என்று ஒரு தாள் முழுக்கப் படித்தேன். ‘தமிழன்’ என்ற பெயரே வரவில்லை. தொகுதிகள் வந்து பல வருஷம் கழிந்த பிறகுதான் இது. பாரதியின் ‘இந்தியா’வுக்கு ஆறு பக்கம் எழுதி மார்க் வாங்கினோம்.

அலாய்சியஸின் தொகுதிகள் வராவிட்டால் தமிழில் இன்றைய தலித் சிந்தனையே வேறாக இருந்திருக்கும். அவர் கட்டுரைகளைப் பொருள்வாரியாக அடுக்கினார். அரசியல் ஓரிடம், சமூகம் ஓரிடம், சமயம், இலக்கியம் என்று. படிக்கிறவருக்கு அது வசதி. ஆனால் ஒரு வாரத்து ‘தமிழன்’ தாளில் பௌத்தத்துக்குப் பக்கத்தில் எது அச்சானது, எந்த ஊர்க்காரர் கேட்ட கேள்விக்கு அந்த வாரம் பதில் சொன்னார், என்ன விளம்பரம் வந்தது என்பது பொருள்வாரி அடுக்கில் கலைந்துவிடும். பண்டிதர் தனியாக உட்கார்ந்து சிந்தித்த ஞானி அல்ல. கேள்வி கேட்ட ஒரு கூட்டத்தோடு வாராவாரம் பேசியவர். அந்தக் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் முழுத் தாள் வேண்டும், தேதியோடு வேண்டும். இணையம் செய்யக்கூடிய காரியம் இதுதான். அச்சில் போட்டால் காகிதச் செலவு. இணையத்தில் விளம்பரத்தையும் ஏற்றலாம். 2001 பிப்ரவரியில் தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அங்கிருந்த குடும்பங்கள் பிழைப்புத் தேடிச் சிதறுகின்றன. வீடு மாறும்போது முதலில் எடைக்குப் போகிறது காகிதம்.

இந்த வீட்டுக் காகிதத்தின் பெருமையைப் பண்டிதரே எழுதியிருக்கிறார். தன் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் சமையல் பட்லராக இருந்தவர், வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டுச் சுவடியைக் கொடுத்துத்தான் எல்லிஸ் கைக்குக் குறள் போய்ச் சேர்ந்தது என்கிறார். எல்லிஸைத் தமிழாய்வு உலகம் கொண்டாடுகிறது. கொடுத்த கை மறைந்துவிட்டது.

காகிதம் தப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரட்டைமலை சீனிவாசனின் ‘பறையன்’ சாட்சி. 1893இல் தொடங்கி 1900 வரை நடந்த பத்திரிகை. முழு வரிசை எங்கும் கைக்கு அகப்படவில்லை. அதில் வந்ததைப் பற்றி இன்று நாம் அறிவது பெரும்பாலும் வெள்ளை அரசு சுதேசிப் பத்திரிகைகளை வேவு பார்த்து ஆங்கிலத்தில் எழுதி வைத்த சுருக்கக் குறிப்புகளின் வழியாகத்தான். 1869 முதல் 1943 வரையான தலித் இதழ்களைத் தேடிய ஜெ. பாலசுப்பிரமணியம் இந்தக் குறிப்புகளையெல்லாம் துருவித்தான் தன் நூலை எழுதினார். நம் பாட்டன் தமிழில் எழுதியதை எஜமானனின் ஆங்கிலக் குறிப்பிலிருந்து மறுபடி தமிழாக்கிப் படிக்கிறோம்.

தேடுவதிலும் ஒரு வம்பு இருக்கிறது. இணையக் காப்பகத்தில் ‘தலித்’ என்று தட்டினால் 1910ஆம் வருஷத்துத் தாளில் ஒன்றும் வராது. பண்டிதர் எழுதியது ‘சாதிபேதமற்ற திராவிடர்’, ‘பூர்வ பௌத்தர்’. அரசு எழுதியது ‘பஞ்சமர்’. 1922க்குப் பிறகு அரசாணைப்படி ‘ஆதிதிராவிடர்’. சமஸ்தானத்துக் கோப்புகளில் சாதிப் பெயர் வசவாகவே இருக்கும். பழைய எழுத்தில் அச்சான ‘ணை’, ‘லை’களைக் கணினி ஒழுங்காகப் படிப்பதில்லை. ஆகவே தாளைப் படம்பிடித்து ஏற்றிவிட்டால் வேலை முடிந்துவிடாது. இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே சனத்தைக் குறிப்பவை என்று தெரிந்த ஆள், தாள்தாளாகப் படித்து அட்டவணை எழுத வேண்டும். அந்த ஆள் நம்மாளாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. சம்பளத்துக்கு வருகிறவன் ‘இதர’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவான்.

எங்கள் புதுக்கோட்டையில் ஆவணத்துக்குப் பஞ்சமில்லை. சமஸ்தானம் 1929லேயே கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டது. இந்த ஊரில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் தாள்கள் டெல்லியில் தீன்மூர்த்தி நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய அம்மாவின் கடிதங்கள் அப்படி இருப்பதில் சந்தோஷம்தான். அதையும் டெல்லிக்கு ரயில் ஏறாமல் இங்கிருந்தே பார்க்க வழி வேண்டும். ஞானாலயா என்று ஓர் ஆசிரியத் தம்பதி தம் வருமானத்தைப் போட்டு வளர்த்த நூலகம் இங்கே உண்டு; முதல் பதிப்பு தேடுகிறவர்கள் எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஆனால் சேரித் தலைவர் ஒருவருடைய தனித் தாள்கள், அவர் பெயரில், ஒரு கட்டாவது இந்த மாவட்டத்தில் பொது இடத்தில் இருப்பதாக நான் பார்த்ததில்லை.

இல்லாமல் இல்லை. டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. சில வருஷமாக நாங்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய்ப் படம்பிடிக்கிறோம். 1991 அம்பேத்கர் நூற்றாண்டுக்கு அடித்த நோட்டீஸ், பஞ்சமி நிலத்துக்காகத் தாசில்தாருக்குக் கொடுத்த மனுவின் கார்பன் நகல், இரட்டைக் குவளைக்கு எதிராகக் கையெழுத்து வாங்கிய நோட்டு, கூலிக் கணக்கு. 1991–92இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது சைக்கிள் ஓட்டப் பழகிய பெண்களைப் பற்றி உலகமே எழுதியது. அவர்கள் எழுத்துப் பழகி முதன்முதலாக எழுதிய நோட்டுகளைச் சேர்த்து வைத்தவர் யார்? என் அம்மாவின் நோட்டில் முதல் பக்கம் முழுக்க அவள் பெயர்தான். நாலாவது பக்கத்தில் தண்ணீர்க் குழாய் கேட்டுக் கலெக்டருக்கு ஒரு கடிதம், பாதியில் நிற்கிறது.

போகிற ஊரில் எல்லாம் ஒன்றைச் சொல்லிவிட்டு வருகிறோம்: பட்டாவையும் பழைய மனுவையும் கடையில் கொடுத்து லேமினேட் பண்ணாதீங்க, சூட்டில் மை போய்விடும், ஒட்டினதைப் பிரிக்கவும் முடியாது. செல்லோடேப் ஒட்டாதீங்க. வேட்டித் துணியில் சுற்றித் தரையில் படாமல் வையுங்க. கரையானுக்கு அடுத்தபடி காகிதத்தைத் தின்கிற பூச்சிக்கு நம் ஆட்கள் வைத்திருக்கிற பேர் ராமபாணம். பாபாசாகேப் ராமனைப் பற்றி எழுதிய பக்கத்தையும் அதுதான் தின்ன வரும்.

எடுத்த படங்களை எல்லாம் இணையத்தில் ஏற்ற வேண்டியதுதானே என்று தோழர்கள் கேட்கிறார்கள். இங்கேதான் எனக்குத் தயக்கம். பெரிய தலைவரின் தாளுக்கு ஒரு நியாயம், உயிரோடிருக்கிற கூலிக்காரியின் தாளுக்கு வேறு நியாயம். அம்பேத்கரின் கோப்பில் ஒரு தாள்கூட மறைக்கக் கூடாது, அடித்த எழுத்தும் வேண்டும் என்பேன். ஆனால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி ஒரு பெண் கொடுத்த புகாரில் அவள் பெயர், புருஷன் பெயர், தெரு, சாட்சி சொன்னவர் பெயர் எல்லாம் இருக்கிறது. அவள் இன்றும் அதே ஊரில், அதே ஆளுடைய வயலில் நடவுக்குப் போகிறாள். அவள் மகன் வெளியூரில் சாதி சொல்லாமல் வாடகைக்கு இருக்கிறான். பெயரைத் தட்டினால் வந்துவிடும் என்றால் அது யாருக்குத் திறந்த கதவு?

இது வெறும் பயம் இல்லை. 2022 டிசம்பரில் எங்கள் மாவட்டத்து வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை பாதிக்கப்பட்ட பக்கத்தைச் சேர்ந்த மூன்று பேரையே குற்றவாளிகள் என்றது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. அந்த நாட்களில் அவர்களுடைய செல்போன் பேச்சுகளும் படங்களும் ஊரெல்லாம் உலவின. நம் தாள் நம் அனுமதியில்லாமல் வெளியே போனால் எப்படி இருக்கும் என்பதை அந்தச் சனம் அனுபவித்தது. நாளைக்கு இந்த வழக்கின் வரலாற்றை எழுதுகிறவனுக்குப் போலீஸ் கோப்பு சுலபமாகக் கிடைக்கும். மக்கள் பக்கத்து மனுக்களும் கூட்டக் குறிப்புகளும் தேதியோடு ஓரிடத்தில் இருந்தாக வேண்டும் என்பதும் அதனால்தான்.

இப்போதைக்கு நாங்கள் இரண்டு கட்டாகப் பிரித்திருக்கிறோம். நோட்டீஸ், பத்திரிகை, இயக்கக் கடிதம், இறந்துபோன தலைவர்களின் தாள் எல்லாம் ஏற்றுவதற்கு. புகார், சாட்சியம், கைநாட்டு உள்ள மனு எல்லாம் பெட்டிக்காரரிடம் கேட்டுவிட்டு. போன மாதம் ஓர் அப்பத்தாவிடம் அவர் கைநாட்டு வைத்த பஞ்சமி நில மனுவைக் காட்டி, இதை ஏற்றட்டுமா என்று கேட்டேன். என்ன எழுதியிருக்கு, வாசி என்றார். வாசித்தேன். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். “எம் பேரு இருக்கட்டும்ப்பா. அந்த மூணாவது கைநாட்டு ராசுவோடது, அவன் பேத்திக்குக் கல்யாணம் பேசிக்கிட்டு இருக்காக. அத மட்டும் தை மாசம் வரைக்கும் மூடி வை” என்றார். மூடி வைத்திருக்கிறோம்.